வாரத்துக்கு ஒரு குவார்ட்டர்தானே? குடியைக் குறைக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 44. பதினாறு வருஷம் சனிக்கிழமை தவறாமல் குடித்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் குறைத்தேன். அன்றிலிருந்து கறி விருந்து, கல்யாணம், தீபாவளி என்று எங்கே கூடினாலும் யாராவது ஒருத்தர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "எப்படிங்ணா விட்டீங்க?" என்று தணிந்த குரலில் கேட்கிறார். கேட்பவர் கையில் பெரும்பாலும் டம்ளர் இருக்கும். அப்படி வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், சொல்லத் தவறிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஒரு கேள்விக்கு மட்டும் கண்டிப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன், தினமும் குடித்துக் கை நடுங்குகிறவர்கள் திடீரென்று நிறுத்துவது பற்றியது. நேரமில்லாதவர்கள் அதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள்தான் குடிக்கிறேன். இதையும் பழக்கம் என்று சொல்வீர்களா?

நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் சம்பளம் சனிக்கிழமை. ஷிப்மெண்ட் போனால் சந்தோஷம், போகாவிட்டால் டென்ஷன், இரண்டுக்கும் சாயங்காலம் ஒரே இடம்தான். குடிகாரர் என்றால் என் மனதில் இருந்தவர் பஸ் ஸ்டாண்டில் வேட்டி அவிழ்ந்து கிடப்பவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நாம் அப்படி இல்லையே என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியிலேயே பதினாறு வருஷம் ஓடிவிட்டது, கணக்குப் பார்க்கவே தோன்றவில்லை.

வாரத்தில் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டால் பதில் நன்றாகத்தான் இருக்கும். அந்த ஒரு நாளில் எவ்வளவு என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அடுத்த கேள்வி அதுதான்.

ஒரு குவார்ட்டரில் அப்படி என்ன இருக்கிறது?

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டில் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் எடையில் சுமார் 60 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் கணக்குக்கு வைத்திருக்கும் ஓர் அளவு 10 கிராம். நம்ம ஊர் 30 மில்லி ஸ்மால் பெக் கிட்டத்தட்ட அதேதான். ஆக, லார்ஜ் என்றால் இரண்டு அளவு, கட்டிங் என்றால் மூன்று, குவார்ட்டர் என்றால் ஆறு.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை அதே நிறுவனம் 'மிதமிஞ்சிய குடி' என்ற கணக்கில்தான் சேர்க்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் மிகச்சிறிய பாட்டிலே சரியாக அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. "ஒரே ஒரு குவார்ட்டர்" என்று நாம் அடக்கமாகச் சொல்வது அவர்கள் ஏட்டில் ஏற்கெனவே மிதமிஞ்சியது. இங்கிலாந்தில் வாரம் முழுவதற்குமே 14 யூனிட்டுக்கு மேல் போகாதீர்கள், அதையும் மூன்று நாளாவது பிரித்துக் குடியுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். அவர்கள் யூனிட் 8 கிராம். மொத்தம் 112 கிராம். நம் இரண்டு குவார்ட்டர் அதைத் தாண்டிவிடுகிறது. எங்கள் செட்டில் இரண்டு குவார்ட்டர் சனிக்கிழமை பத்து மணிக்குள் முடிந்துவிடும்.

பாட்டில் 180 என்பதால்தான் கட்டிங் என்ற வழக்கமே வந்தது. கடை வாசலில் முகம் தெரியாதவர் வந்து "கட்டிங் போடலாமாங்க?" என்று கேட்பார். பாதிப் பணம் அவர், பாதி நீங்கள். 2023-ல் 90 மில்லி டெட்ரா பேக் விடலாமா என்று அமைச்சர் பேச்செடுத்தபோது எல்லோரும் கிண்டல் செய்தார்கள், நானும் செய்தேன். அளவைப் பற்றி நம்மில் யாருமே வாய் திறப்பதில்லையே என்று பிறகுதான் உறைத்தது. மூடியைத் திருகினால் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எவ்வளவு குடிப்பது என்பதை நான் முடிவு செய்ததே இல்லை, பாட்டில்தான் முடிவு செய்தது.

பீர் மட்டும்தான் குடிக்கிறேன். உடம்புச் சூட்டுக்கு நல்லதாமே?

ஸ்ட்ராங் பீர் என்றால் 8 சதவீதம் வரை இருக்கும். 650 மில்லி பாட்டிலுக்கு அது 41 கிராம், நாலு ஸ்மாலுக்குச் சமம். இரண்டு பாட்டில் குடித்தால் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டீர்கள். லைட் பீர் 5 சதவீதம் என்றாலும் ஒரு பாட்டிலில் இரண்டரை ஸ்மால் இருக்கிறது. பீர் குடித்த பிறகு அடிக்கடி சிறுநீர் போவதால் உடம்பில் தண்ணீர்தான் குறையும். சூட்டுக்கு இளநீர் குடிக்கலாம், மோர் குடிக்கலாம்.

கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டரே சொன்னாரே?

ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளவாகக் குடிப்பவர்களையும் அறவே குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகளில், குடிக்காதவர்கள் பக்கத்தில் உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஆல்கஹாலைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில், புகையிலையோடு, சேர்த்தது 1988-லேயே. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று அந்த வரிசை நீள்கிறது.

ஒரு பெக் குடித்தவுடன் புற்றுநோய் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. குறைக்கக் குறைக்க ஆபத்தும் குறையும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நல்லது என்று சொல்லிக்கொண்டு குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பிடித்திருக்கிறது, குடிக்கிறேன் என்று சொல்பவரிடம் பேசிவிடலாம், இதயத்துக்காகக் குடிக்கிறேன் என்பவரிடம் பேசுவது சிரமம்.

ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. கீழாநெல்லி சாப்பிட்டால் போதுமா?

நாற்பதைத் தொட்ட ஆண்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துக்கு வருவது இந்த ரிப்போர்ட்டோடுதான் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வந்தேன். கம்பெனி செலவில் எடுத்த மாஸ்டர் ஹெல்த் செக்கப், ஃபேட்டி லிவர் கிரேடு 2, ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு எகிறியிருந்தது.

சனிக்கிழமை ராத்திரி குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழாநெல்லிச் சாறு என்று கணக்கை நேர் செய்பவர்களை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் குடித்துக்கொண்டே ஈரலைக் காப்பாற்றும் மருந்து சித்தத்திலும் இல்லை, அலோபதியிலும் இல்லை. ஆறுதலான விஷயம், குடியால் வந்த கொழுப்பு ஈரல், வெறும் கொழுப்பு என்ற கட்டத்தில் இருந்தால், குடியை நிறுத்தின சில வாரங்களிலேயே பெரும்பாலும் இறங்கத் தொடங்கும். அதைத் தாண்டி ஈரல் சுருக்கம் வந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். அங்கே குறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒரு சொட்டும் கூடாது. உங்களுக்கு எந்தக் கட்டம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். "அக்கேஷனலா சார்" என்று நானும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாசத்துக்கு எத்தனை அக்கேஷன்?" என்று கேட்டார்.

எனக்கு இது பிரச்சினையாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

'ஆடிட்' என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது, மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே யோசிக்க வேண்டும், 20-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எவ்வளவு, எத்தனை தடவை என்பதோடு, ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போனதா, செய்ய வேண்டிய வேலை கெட்டதா, ராத்திரி நடந்தது காலையில் நினைவில்லாமல் போனதா, குறையுங்கள் என்று வீட்டிலோ டாக்டரோ சொன்னார்களா என்றெல்லாம் கேட்கும். நான் போட்டது 14. நாலைந்து வரும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

படிவமெல்லாம் வேண்டாம் என்றால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் தலைவலி போக ஒரு கட்டிங் போட வேண்டியிருக்கிறதா? ஆமாம் என்றால் அடுத்த பதிலை நிதானமாகப் படியுங்கள்.

தினமும் குடிக்கிறேன். நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

நீங்களாகச் செய்யாதீர்கள். இதில்தான் கண்டிப்பாகப் பேசுகிறேன் என்று சொன்னேன்.

காலையில் எழுந்தால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஒரு வாய் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்றால் உங்கள் மூளை ஆல்கஹால் இருக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே வேலை செய்யப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் அதற்குப் பிடிமானம் போய்விடும். சில மணி நேரத்தில் நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாள் வரை இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, காய்ச்சல், குழப்பம் என்று போகலாம். கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும் நிலை அது. நம் ஆட்கள் இதைக் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போய்விடுகிறார்கள்.

கார்த்திகை பிறந்தால் எனக்கு இந்தப் பயம் வந்துவிடும். தினமும் குடிப்பவர் பக்தியோடு மாலை போட்டு அன்றே நிறுத்துவார். எங்கள் லைனில் ஒருத்தருக்கு மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு வந்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நல்ல மனதோடு செய்த காரியம்தான், ஆனால் முன்கூட்டியே டாக்டரைப் பார்த்திருந்தால் மாத்திரையும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பத்திரமாக இறக்கியிருப்பார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே இதைச் செய்கிறார்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குறைப்பது நல்லதா, அறவே விடுவது நல்லதா?

மேலே சொன்ன நிலையில் இருப்பவர்கள், ஈரல் கெட்டவர்கள், மஞ்சள் காமாலை வந்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் அறவே விட வேண்டியவர்கள்தான். மற்றவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் பெக்கோடு எழுந்துவிட முடிகிறவர்கள் குறைக்கலாம். முதல் பெக் உள்ளே போன பிறகு கணக்கெல்லாம் மறந்துபோகிறவர்களுக்கு விடுவதுதான் சுலபம். நான் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் முழுக்க நிறுத்திப் பார்த்தேன். (தினமும் குடிக்காதவன் என்பதால் எனக்கு அது ஆபத்தில்லாமல் முடிந்தது.) முதல் இரண்டு சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "ஏதாவது தொலைஞ்சு போச்சுங்களா?" என்றார்.

நடைமுறையில் என்னதான் செய்தீர்கள்?

முதலில் ஷேர் போடுவதை நிறுத்தினேன். எங்கள் செட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஃபுல் வாங்குவோம். பணம் போட்டவனுக்குக் குடிக்காமல் எழுந்தால் நஷ்டம். பிறகு குடிப்பது தாகத்துக்கா, போட்ட காசுக்கா என்றே தெரியாது. நான் சைட் டிஷ் செலவை ஏற்றுக்கொண்டேன். சிக்கன் சில்லியும் சுண்டலும் என் கணக்கு, பாட்டில் அவர்கள் கணக்கு. யாரும் மறுக்கவில்லை, சொல்லப்போனால் மவுசு கூடிவிட்டது.

அடுத்தது சாப்பாடு. நம் பழக்கம் என்னவென்றால் வெறும் வயிற்றில் ஆரம்பித்து, ஊறுகாயைத் தொட்டு நக்கி, ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணியோ பரோட்டாவோ தேடுவது. அதைத் தலைகீழாக மாற்றினேன். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ரசஞ்சாதம், பொரியல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். நிறைந்த வயிற்றில் இரண்டாவது பெக் கேட்கவே தோன்றாது. இதுவரை நான் மற்றவர்களுக்குச் சொன்னதில் அதிகம் பலித்தது இதுதான், காசும் செலவில்லை.

மூன்றாவது, அளந்து ஊற்றுவது. பிளாஸ்டிக் டம்ளரில் கண்ணளவில் ஊற்றினால் 'லார்ஜ்' என்பது ஊற்றுபவரின் பாசத்தைப் பொறுத்து 60-லிருந்து 100 வரை போகும். எவர்சில்வரில் 30-60 பெக் மெஷர் ஒன்று வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டேன். கேலிதான், "ஃபார்மசிக்காரர் வந்துட்டாரு" என்பார்கள். இருக்கட்டும்.

இது தவிரச் சின்னச் சின்னதாகச் சில. இரண்டு பெக்குக்கு நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர். ராவாக அடிப்பது இல்லவே இல்லை. வீட்டில் பாட்டில் வைப்பதில்லை. எந்தத் தேதியில் எத்தனை என்று போனில் குறித்துக்கொள்வேன், பூஜ்யமானாலும் குறிப்பேன். சனிக்கிழமை ஏழிலிருந்து ஒன்பது வரை மகளைப் பேட்மிண்டன் கூட்டிப் போக ஆரம்பித்தேன். ஒன்பதே காலுக்குச் செட்டில் போய் உட்கார்ந்தால் கடை மூட முக்கால் மணி நேரம்தான் மிச்சம்.

"நீ மாறிட்ட மாப்ள" என்று நண்பர்கள் ஒதுக்குகிறார்களே?

இதுதான் கஷ்டம், இதற்கு மாத்திரை கிடையாது. குடிக்காத ஒருத்தன் எதிரே உட்கார்ந்திருந்தால் குடிப்பவர்களுக்கு யாரோ கணக்கெடுப்பது போலக் கூசுகிறது. அதனால்தான் "எனக்காக ஒண்ணே ஒண்ணு" என்கிறார்கள். நம் ஊரில் டம்ளரை நீட்டுவது பாசம், மறுப்பது அவமரியாதை. 'வேண்டாம்' என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கழுத்தில் மாலை இருந்தால் ஒருத்தரும் வற்புறுத்த மாட்டார்கள், "சாமி, நீங்க ஜூஸ் சாப்பிடுங்க" என்று நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். நமக்கு நாமே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டுக்குத்தான் மரியாதை இல்லை, வெளியிலிருந்து வந்த கட்டுப்பாட்டுக்கு உண்டு. ஆகவே ஆரம்பத்தில் வெளிக்காரணம் சொல்வதில் தப்பில்லை. "டாக்டர் ஆறு மாசம் நிறுத்தச் சொல்லிட்டாரு" என்பது நன்றாக வேலை செய்தது, எனக்கு அது உண்மையும்கூட. "வண்டி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்பதும் போலீஸ் சோதனை புண்ணியத்தில் எடுபடுகிறது. கையில் பன்னீர் சோடாவோ லெமன் சோடாவோ நிரம்பிய டம்ளர் இருந்தால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். காலி டம்ளரைப் பார்த்தால்தான் அவர்களுக்குக் கை பரபரக்கும்.

ஆறு பேர் செட்டில் எனக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள். மற்ற மூன்று பேரோடு டம்ளரைத் தவிரப் பேச வேறு எதுவும் இல்லை என்று தெரிந்தது. அது வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் குடிக்கிறார்கள், நான் மட்டும் எப்படி என்பவர்களுக்கு ஒரு தகவல். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் சுமார் நாலில் ஒருத்தர்தான். கணக்கெடுக்க வந்தவரிடம் சிலர் மறைத்திருப்பார்கள், அது வேறு. அப்படியே கூட்டிப் பார்த்தாலும் 'எல்லோரும்' இல்லை. நாம் உட்கார்ந்த மேஜையைத்தான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தலை தீபாவளிக்குப் போகிறேன். மாமனாரே ஊற்றிக் கொடுக்கிறார். எப்படி மறுப்பது?

முன்கூட்டியே மச்சானிடம் சொல்லி வையுங்கள். மாமனாரிடம் நேராகச் சொல்வதைவிட மச்சான் வாயால் போனால் சுமுகமாக முடியும். முடிந்தால் மாமியார் காதிலும் போட்டு வையுங்கள், அதன் பிறகு மாமனாரே பாட்டிலை வெளியே எடுக்கமாட்டார்.

ஆபீஸ் டீமோடு பாண்டிச்சேரி போகிறோம். போகாமலே இருந்துவிடவா?

போங்கள். பாண்டியில் விலை குறைவு என்பதால் "இங்க வந்து குடிக்காம போறதா" என்ற எண்ணம் வரும், அதை மட்டும் கவனியுங்கள். பையர் பார்ட்டிகளில் நான் கண்டது, வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கிளாஸ் ஒயினை ஒன்றரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். பக்கத்தில் நாம் மூன்றாவது லார்ஜில் இருப்போம். டீமில் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்கள் இருந்தால் அவர்களை வற்புறுத்தாதீர்கள். குடிக்காத பையனுக்கு முதல் டம்ளரை நானே நீட்டியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் உறுத்துகிறது.

ராத்திரி குடித்தேன், நன்றாகத் தூங்கி எழுந்தேன். காலையில் வண்டி ஓட்டலாம்தானே?

தூங்கினதால் ஆல்கஹால் சீக்கிரம் இறங்காது. ஈரல் தன் வேகத்தில், மணிக்கு ஒரு ஸ்மாலுக்கும் குறைவாகத்தான் கரைக்கும். காபி, மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை அவசரப்படுத்தாது. 70 கிலோ எடை உள்ளவர் ஒரு குவார்ட்டர் குடித்தால் முழுதாக இறங்க சுமார் எட்டு மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஃப் (சுமார் இரண்டு குவார்ட்டர்) அடித்தவர் மறுநாள் மதியம் வரைக்கும் சட்ட வரம்புக்கு மேலே இருக்கலாம். வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். முதல் தடவை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்கலாம். ஞாயிறு காலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குடிக்காவிட்டால் தூக்கம் வரவில்லையே?

குடித்தால் சீக்கிரம் கண் சொருகும், அது நிஜம். ஆனால் இரண்டு மூன்று மணிக்கு நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து முழிப்பு வரும், கனவு காணும் உறக்கம் கெடும், குறட்டையும் கூடும். நிறுத்தின புதிதில் தூக்கம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். எனக்குச் சரியாக மூன்று வாரம் ஆனது. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதோடு குடியும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சேர்த்துக் குடிக்கலாமா?

டாக்டரிடம் கேளுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் குடியோடு சேர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் போடும் வழக்கமும் குடிப்பவர்களுக்கு ஈரலுக்கு ஆகாது.

பெண்கள் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கேட்டவர் ஒரே ஒருத்தர், சென்னையில் ஐ.டி. வேலையில் இருப்பவர். ஆண்களுக்கு ஊரே மேஜை போட்டுக் கொடுக்கிறது, பெண்கள் மறைத்துக் குடிப்பதால் உதவியும் மறைத்தே தேட வேண்டியிருக்கிறது என்றார். அதே அளவு குடித்தாலும் பெண்கள் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். கர்ப்ப காலத்தில் ஒரு துளியும் ஆகாது. கீழே சொல்லியிருக்கும் எண்களில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே?

பஸ்ஸிலும் சுவரிலும் விளம்பரம் ஒட்டியிருக்கும். தயவுசெய்து வேண்டாம். இப்படி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 'டைசல்ஃபிராம்' என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, மூச்சுத்திணறல் வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு, பரிசோதனை செய்துவிட்டுக் கொடுக்கிறார்கள். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார், என்ன ஆனது என்று டாக்டருக்கும் புரியாது. ஆசையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் இருக்கின்றன, அவையும் டாக்டர் எழுதித் தர வேண்டியவைதான். உங்கள் கோபத்திலும் அலுப்பிலும் நியாயம் இருக்கிறது. அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம்.

கடைகளை மூடிவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே?

நம் மாநிலம் இதில் பார்க்காதது இல்லை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் எடுத்தார்கள், 1974-ல் திரும்பப் போட்டார்கள், 1981-ல் மறுபடி எடுத்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். 2016, 2017, 2023 ஆண்டுகளில் ஐநூறு ஐநூறாகக் கடைகளை மூடினார்கள். மூடினால் கொஞ்சம் குறையும் என்று நான் நினைக்கிறேன். எங்கள் தெருமுனைக் கடை போன பிறகு நானே எப்போதாவது வாரநாளில் போவதையும் நிறுத்தினேன். ஆனால் கள்ளச்சாராயம் 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதையும் பார்த்தோம். அரசாங்கம் முடிவெடுக்கட்டும், அதுவரை உங்கள் ஈரல் காத்திருக்காது.

இரண்டு மாதம் கட்டுப்பாடாக இருந்தேன். போன வாரம் கெடா வெட்டில் ஓவராகிவிட்டது. எல்லாம் போச்சா?

இரண்டு மாதம் எங்கேயும் போகவில்லை, அது நீங்கள் இருந்த இரண்டு மாதம்தான். "போனது போச்சு, இந்த மாசம் முழுக்க அடிச்சுட்டு அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தோன்றும் பாருங்கள், அதற்குத்தான் பயப்பட வேண்டும். எந்த இடத்தில் கை மீறியது என்று மட்டும் பாருங்கள். எனக்கு இரண்டு தடவை தவறியது. இரண்டு தடவையும் மதியமே ஆரம்பித்திருந்தேன், இரண்டு தடவையும் சாப்பிட்டிருக்கவில்லை. இப்போது பகல் விருந்து என்றால் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவேன்.

உதவி எங்கே கிடைக்கும்?

14416-க்கு போன் செய்தால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார், கட்டணம் இல்லை. போதை மறுவாழ்வுக்கென்று தனியாக 14446 இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு நேராகப் போகலாம். அந்தச் சீட்டு வாங்கத்தான் கூச்சமாக இருக்கும், வரிசையில் நிற்பவர்களும் அதற்காகவே வந்திருப்பார்கள். சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1980-லிருந்து இந்த ஒரே வேலையைச் செய்துவருகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, பணம் கேட்கமாட்டார்கள், முழுப் பெயரும் கேட்கமாட்டார்கள். கட்டிப் போடுவோம், அடித்துத் திருத்துவோம் என்கிற மாதிரி இடங்களுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். உரிமம் இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நீங்கள் இப்போது அறவே குடிப்பதில்லையா?

வருஷத்துக்கு மூன்று நாலு தடவை, 60 மில்லி. கடைசியாகக் குடித்தது பொங்கலுக்கு, பங்காளி வீட்டு மொட்டை மாடியில். அவர் குவார்ட்டரைத் திறந்தார், நான் மெஷரில் எனக்கு ஊற்றிக்கொண்டேன், அவரும் அதே மெஷரை வாங்கி ஊற்றிக்கொண்டார். மீதியை மூடி திருகி அலமாரியில் வைத்தார். சித்திரையில் போனபோது அந்தப் பாட்டில் அங்கேயே இருந்தது, பக்கத்தில் என் பெக் மெஷரும். அதை எடுத்துக்கொண்டு வர மறந்துவிட்டேன்.